இன்னும் இரண்டு மெமோ பாக்கி

பதினொரு நாடுகள் வேலையை விட்டு அனுப்பிய மனிதரைத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியால் அனுப்ப முடியவில்லை. இந்தக் கதையை நான் சொன்னால்தான் சரிப்படும். மற்றவர்கள் சொன்னால் குறைத்துச் சொல்லிவிடுவார்கள்.

அவர் பெயர் ஃபைஸ். கால்பந்துக் கோச். பள்ளிக்கூடத்தில் எனக்குப் பக்கத்துப் பெஞ்சு, இப்போது பக்கத்து வீடு. நான் கிட்டுசாமி, தங்கராஜ் முதலாளியின் கம்பெனியில் முப்பத்து நாலு வருஷம் பேக்கிங் மாஸ்டராக இருந்து ரிட்டயர் ஆனவன். நான் கட்டி அனுப்பிய அட்டைப் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் நிலாவுக்கே ஏறிப் போய், அங்கே ஒரு டீ குடித்துவிட்டு இறங்கி வரலாம். நான் உலகம் சுற்றியதெல்லாம் அந்தப் பெட்டிகளின் மேல் ஒட்டும் விலாசச் சீட்டில். ஃபைஸ் பாய் நிஜமாகவே சுற்றினார்.

அவர் வேலை பார்த்த நாடுகளின் பெயர் ஒன்றும் என் வாயில் நுழையாது. ஆனால் எல்லா நாட்டையும் எனக்குத் தெரியும். பாய் ஒரு பெயரைச் சொல்வார். நான், "டபுள் எக்ஸெல் சைஸே நூத்துக்கு எழுபது போகுமே, அந்த ஊருங்களா?" என்பேன். "அதேதான்" என்பார். இன்னொரு பெயரைச் சொல்வார். "மஞ்சக் கலர் ஒரு பீஸ் இருந்தாலும் கண்டெய்னரோட திருப்பி உடற ஊருங்களா?" "அவனுகதான் கிட்டு. என்னையும் அப்படித்தான் திருப்பி உட்டானுக."

பாயின் அத்தா காதர்பேட்டையில் கட்டிங் வேஸ்ட் வியாபாரம் செய்தவர். துணி வெட்டும்போது மிச்சம் விழும் துண்டுகளையும், செகண்ட்ஸ் என்கிற குறைப்பட்ட பனியன்களையும் மூட்டை மூட்டையாக வாங்கி விற்கிற தொழில். மகன் அந்த மூட்டைகளை உதைத்து உதைத்துத்தான் கால்பந்து பழகினார். இருபத்து நாலு வயதில் வளைகுடாவுக்கு ஒரு ஜவுளிக்கடை வேலைக்குப் போனார். வெள்ளிக்கிழமை லீவில் லேபர் கேம்ப் ஆட்களைச் சேர்த்து ஒரு டீம் கட்டினார். அந்த டீம் ஒரு பெரிய கிளப்பைப் பதினாறு கோல் வித்தியாசத்தில் தோற்கடித்தது. பாய் நாலு கோல் என்றுதான் சொல்வார். அவருக்குக் கணக்கு வராது. அதைப் பார்த்த ஒருவர் படிப்புக்கு அனுப்பினார், அங்கிருந்து ஒரு நாட்டின் தேசிய டீம், பிறகு இன்னொரு நாடு, அப்படியே காற்றில் போன பஞ்சு மாதிரி உலகமெல்லாம்.

எல்லா நாட்டிலும் ஒரே கதை. வரும்போது மாலை, போகும்போது டாக்ஸி. ஒரு நாட்டில் தன்னை நிறுத்திய செய்தியை ரேடியோவில் கேட்டார், அப்போது பல் விளக்கிக்கொண்டிருந்தாராம். இன்னொரு நாட்டில், வெளியூர் மேட்ச் முடிந்து டீமோடு விமானத்தை விட்டு இறங்கினால், கீழே மாலையோடு ஆட்கள். பாய் கழுத்தை நீட்டியிருக்கிறார். மாலை அவரைத் தாண்டி, பின்னால் இறங்கிய புதுக் கோச்சுக்குப் போய்விட்டது. ஒரு தீவில், அவரை அனுப்பலாமா வேண்டாமா என்று மந்திரிசபை கூடி, அந்தச் சண்டையில் மந்திரிசபையே கவிழ்ந்தது. புது மந்திரிசபையின் முதல் வேலை, பாயை அனுப்பியது.

அவருடைய ஆட்டம் அப்படி. பத்துப் பேரையும் முன்னால் ஓடவிடுவார். ஏழு கோல் அடிப்பார்கள், எட்டு கோல் வாங்குவார்கள். ஜனங்களுக்கு நோம்பிக் கொண்டாட்டம், கால்பந்துச் சங்கத் தலைவர்களுக்கு நெஞ்சுவலி.

போன புரட்டாசியில், அறுபத்திரண்டு வயதில், ஒரேயடியாக ஊருக்கு வந்துவிட்டார். கொண்டு வந்தது ஒரு பெட்டி. அதில் பதினொரு நாட்டு ஜெர்சி. நான் உள்பக்க லேபிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஏழு ஜெர்சி இங்கே பக்கத்தில் தைத்தது. ஒன்று சாட்சாத் எங்கள் கம்பெனிச் சரக்கு. அவினாசி ரோட்டில் லாரி ஏறி, கடலைத் தாண்டி, ஒரு தீவில் பாய்க்கு விடை கொடுத்துவிட்டுப் பிறந்த வீட்டுக்கே வந்திருக்கிறது.

அன்றைக்குத்தான் சொன்னார்.

"எனக்கு ஒரே ஆசைதான் கிட்டு. ஒரு கான்ட்ராக்ட். அதுல என்ன கடைசித் தேதி போட்டிருக்குதோ, அந்தத் தேதி வரைக்கும் நான் இருக்கோணும். அன்னிக்குச் சாயந்திரம் நானே கதவைச் சாத்திட்டு, நானே நடந்து வெளிய வரோணும். பதினொரு நாட்டுல ஒருத்தனும் அந்தத் தேதியை என் கண்ணுல காட்டல."

அவர் மனைவி ஷாஹிதா டீ கொண்டு வந்தவர் அங்கேயே நின்றார். பாய் ஊர் ஊராகப் போன காலமெல்லாம் அந்த வேஸ்ட் குடோனை ஒற்றை ஆளாக நடத்தி, இரண்டு பெண்களைக் கட்டிக் கொடுத்தவர். அவர் குரலைக் கேட்டால் மூட்டை தூக்குகிறவர்கள் கனமே தெரியாமல் தூக்குவார்கள்.

"ஏனுங்கண்ணா, இந்தப் பொட்டியை என்ன பண்ணட்டும்? நீங்களே சொல்லுங்க. கல்யாணமான புதுசுல இவரு வந்ததும் பிரிச்சு பீரோவுல அடுக்குவேன். ரெண்டே நாள்ல போன் வரும், திரும்ப மடிச்சு வெக்கோணும். மூணாவது தடவையோட விட்டுட்டேன். இப்பவும் துவைச்ச சட்டையைப் பொட்டிக்குள்ளதான் வெக்கறேன். சொந்த ஊட்டுல லாட்ஜ்ல இருக்கற மாதிரி இருக்காரு மனுசன்."

"இனி போகமாட்டேன் ஷாஹிதா."

"கான்ட்ராக்ட் முடியட்டும், பிரிக்கறேன். ஒண்ணே ஒண்ணு முடிச்சுக் காட்டுங்க."

இந்த நேரத்தில்தான் தங்கராஜ் முதலாளி வந்து மாட்டினார். அவருக்கு ஒரு கவலை. கம்பெனியில் பாதிப்பேர் ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார்க்காரர்கள், மீதியில் பாதி தெற்கத்தி ஜில்லாக்காரர்கள். பண்டிகைக்கு ஊருக்குப் போனால் திரும்பி வருவது அவரவர் மனசு. எங்கோ ஒரு கம்பெனியில் ஃபுட்பால் டீம் வைத்ததில் போனவர்கள் எல்லாம் திரும்பி வந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டிருந்தார். போதாததற்கு, பல்லடத்தில் தறிப்பட்டறை வைத்திருக்கும் அவருடைய சகலை தனபாலும் ஒரு டீம் கட்டிவிட்டார். ஒரு மாமனாருக்கு இரண்டு மாப்பிள்ளைகள் இருந்தால் உலகத்தில் அமைதி ஏது?

நான் பாயைக் கூட்டிப் போனேன். முதலாளி அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"பதினோரு நாடுங்களா! எங்க டீமுக்கு நெம்ப பெரிய ஆளாச்சுங்களே. சம்பளம் என்ன எதிர்பார்க்கறீங்க?"

"அது உங்க இஷ்டமுங்க. கடைசித் தேதி மட்டும் தெளிவா டைப் அடிச்சுக் குடுங்க."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் சீலிங் ஃபேனைப் பார்த்தேன்.

பர்சனல் ஆபீஸர் அனுப்ரியா கான்ட்ராக்ட் தயார் செய்தது. சின்னப் பெண்தான், ஆனால் ஃபைலில் ஒரு தாள் கோணலாக இருந்தால் அதற்குத் தூக்கம் வராது. தொண்ணூறு நாள். பொங்கலூரில் நடக்கும் கம்பெனிகள் கோப்பையின் ஃபைனல் நாளன்று, ஞாயிற்றுக்கிழமை, மாலை ஆறு மணியோடு முடிவு. பாய் அந்தத் தேதியை விரலால் தடவிப் பார்த்தார். அப்புறம்தான் கையெழுத்துப் போட்டார்.

முதல் நாள் பயிற்சி. இருபது பேர், ஒரு பந்து. அன்னதானப் பந்தியில் இலை போட்ட மாதிரி இருபது பேரும் பந்துமேல் விழுந்தார்கள். பந்து ஒரு மூலையில் தப்பித்து நின்று இவர்களை வேடிக்கை பார்த்தது. பாய் பலகையில் கோடு போட்டார், அம்பு போட்டார், ஹிந்தியில் சொன்னார், அதன் பிறகு அவருக்குத் தெரிந்த எட்டு மொழியிலும் சொன்னார். ஒரு வாரம் போயிற்று. பாயின் முகம் விழுந்துவிட்டது.

"தொண்ணூறு நாள் எங்க, ஒம்பது நாள் தாண்ட மாட்டேன் போலிருக்கு கிட்டு."

"பாய், இவங்களுக்கு அம்பு தெரியாதுங்க. லைன்தான் தெரியும்."

எங்கள் கம்பெனியில் ஒரு பனியன் ஒரே ஆளிடம் உருவாவதில்லை. ஒருவர் தோள் மூட்டுவார், அடுத்தவர் கழுத்து, அடுத்தவர் கை, அதற்கடுத்தவர் அடிமடிப்பு, கடைசியில் செக்கிங். பீஸ் கையில் வந்தால் தன் வேலையை முடித்து அடுத்த ஆளிடம் தள்ள வேண்டும். வைத்துக்கொண்டிருந்தால் லைனே நின்றுபோகும். எல்லோரும் திட்டுவார்கள்.

பாய்க்குப் பொறி தட்டியது. அடுத்த நாள் மைதானத்தில் சுண்ணாம்பால் ஒரு லைன் வரைந்தார். பின்னால் தோள் மூட்டுகிறவர்கள், நடுவில் கழுத்து, இரண்டு ஓரமும் கை, கோலுக்கு முன்னால் செக்கிங் பழனிமுத்து. அயர்ன் மாஸ்டராக இருக்கும் ஒடிசாக்காரர் கோல் கீப்பர். பத்து வருஷம் நீராவியில் வெந்த கை, எந்தப் பந்து வந்தாலும் சுடாது.

அம்மாடி, அந்த மாற்றத்தை என்னவென்று சொல்ல! தோள், கழுத்து, கை, மடிப்பு என்று பந்து போயிற்று பாருங்கள், நூல் மாதிரி. முதல் மேட்சில் எதிர் டீம்காரர்கள் நடுவில் ஓடி ஓடி நாக்குத் தள்ளி, ஒருவர் நின்று கைதட்ட ஆரம்பித்துவிட்டார்.

ஒரே ஒரு குறை. செக்கிங்.

பழனிமுத்து திருநெல்வேலிப் பக்கம். எட்டு வருஷத்தில் ஒரு குறைப் பீஸ் கூட அவர் கையைத் தாண்டிப் போனதில்லை. பந்து அவரிடம் வந்ததும் காலால் நிறுத்துவார். பார்ப்பார். கொடுத்தது கொஞ்சம் கோணலாக வந்திருந்தால், "ஆல்டர்!" என்று கத்தி, கொடுத்த ஆளுக்கே திருப்பி விடுவார். கம்பெனியில் தையல் சரியில்லாத பீஸைத் தைத்தவரிடமே திருப்பி அனுப்புவதற்கு அதுதான் பெயர். பந்து திரும்பப் பின்னால் போகும். திரும்ப லைன் ஆரம்பிக்கும்.

"பழனி, கோலுக்கு நேரா நிக்கறே, அடிக்க வேண்டியதுதானே?" என்று பாய் கேட்டார்.

"பாஸ் சரியில்ல சார். அத நாம அடிச்சா நாளைக்கு யாரு பதில் சொல்லுதது?"

பாய் அவரை அப்படியே விட்டுவிட்டார். ஏனென்றால் அதற்குள் ஒரு விஷயம் புரிந்துவிட்டது. எங்கள் டீம் கோல் அடிக்காது, ஆனால் பந்தும் யாருக்கும் கிடைக்காது. எல்லா மேட்சும் பூஜ்யத்துக்குப் பூஜ்யம். அப்புறம் பெனால்டி. அயர்ன் மாஸ்டர் எல்லாவற்றையும் பிடித்துவிடுவார். பெனால்டியில் மட்டும் பாஸ் எதுவும் இல்லாததால் பழனிமுத்து ஆட்சேபணையில்லாமல் அடித்துவிடுவார். இப்படியே ஐந்து மேட்ச். பார்க்க வந்தவர்கள் துண்டு விரித்துத் தூங்கினார்கள். மைதானத்தை ஒட்டின கோழிப்பண்ணையில் முட்டை அதிகமானதாகப் பண்ணைக்காரரே சொன்னார், அவ்வளவு அமைதி.

முதலாளிக்கு ஏகப்பட்ட சந்தோஷம். "ஒரு கோல் கூட வாங்கலையே! ஜீரோ ரிஜெக்ஷன்!" என்று போர்டு எழுதி வைத்தார்.

பாய் மட்டும் சிரிக்கவில்லை. அரை இறுதி முடிந்து டெம்போவில் திரும்பும்போது என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

"இது என் ஆட்டம் இல்ல கிட்டு. பொழுதோட படுக்கிற கோழி மாதிரி ஆடறோம். மாத்தினா தோத்துருவோம், தோத்தா அனுப்பிருவாங்க. ஒரு தேதிக்காக வாயை மூடிட்டு இருக்கறேன். இந்த வயசுல இப்படிப் பயந்து ஆடறேன்னு பதினொரு நாட்டுக்காரனுக்கும் தெரிஞ்சா சிரிப்பானுக."

நான் கடலைப் பொட்டலத்தைப் பிரித்து அவர் பக்கம் நீட்டினேன்.

ஃபைனல். எதிரில் யார்? பல்லடம் தறிக்காரர்கள். சகலை தனபாலின் டீம். மாமனார் நடு நாற்காலியில், இரண்டு மாப்பிள்ளைகளும் இரண்டு பக்கம். கூட்டம் பத்தாயிரம் பேர். நாற்காலி முந்நூறுதான் போட்டிருந்தார்கள், மற்றவர்கள் நின்றார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷாஹிதா குடோனைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். முப்பத்தைந்து வருஷத்தில் தன் புருஷன் வேலை பார்ப்பதை அவர் நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

தறிக்காரர்கள் எங்கள் லைனைப் படித்துவிட்டு வந்திருந்தார்கள். தறியில் நாடா ஓடுகிற மாதிரி இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம், அந்த ஓரத்திலிருந்து இந்த ஓரம், குறுக்கே குறுக்கே ஓடினார்கள். லைன் அறுந்தது. இருபதாவது நிமிஷம் ஒரு கோல். தனபால் எழுந்து மாமனாருக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார். தங்கராஜ் முதலாளிக்கு மட்டும் கொடுக்கவில்லை.

இடைவேளை விசில் ஊதியதும் முதலாளி கோட்டைத் தாண்டி உள்ளே வந்தார். முகம் சாயப்பட்டறைச் சிவப்பு.

"கோச்சுங்க, போதுமுங்க. நீங்க போயிக்குங்க. மீதியை நானே பார்த்துக்கறேன்."

"இன்னிக்கு ஆறு மணி வரைக்கும் இருக்குதுங்க."

"இப்ப நாலே முக்காலுங்க. மாமனாரு, ஒறம்பரை எல்லார் முன்னாலயும் மானம் போகுது. கெளம்புங்க."

பாய் விசிலைக் கழற்றிச் சுருட்டினார். தொப்பியை மடித்தார். நோட்டுப் புத்தகம், தண்ணி பாட்டில், துண்டு, எல்லாம் பைக்குள் அதனதன் இடத்தில் போயிற்று. பையின் ஜிப்பை இழுக்கும்வரை ஒரு நிமிஷம் கூட ஆகவில்லை. பதினொரு தடவை பழகின கை. எனக்கு அந்த வேகத்தைப் பார்க்கத்தான் பொறுக்கவில்லை. எதிரில் நாற்காலி வரிசையில் ஷாஹிதா எழுந்து நின்றார்.

அப்போது அனுப்ரியா ஃபைலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு குறுக்கே வந்தது.

"சார், இவரை அனுப்ப முடியாதுங்க சார்."

"என்ன கண்ணு சொல்றே?"

"மூணு மெமோ குடுக்காம யாரையும் நிறுத்தக் கூடாதுங்க சார். ஒவ்வொரு மெமோவுக்கும் பதில் எழுத ஏழு நாள் டைம். அப்புறம் விசாரணை. நம்ம நோட்டீஸ் போர்டுலயே மூணு பாஷைல ஒட்டியிருக்கு."

"அது டெய்லருக்கு! இது ஃபுட்பால்!"

"இவரும் பே ரோல்ல இருக்காருங்க சார். எம்ப்ளாயீ நம்பர் ரெண்டாயிரத்து இருநூத்து ஏழு. வெல்ஃபேர் டிபார்ட்மென்ட். குழந்தைங்க காப்பக ஆயாவுக்கு அடுத்த நம்பர்."

"யாருக்குத் தெரியப் போகுது?"

"வர்ற வியாழக்கிழமை வெளிநாட்டுப் பையரோட ஆடிட்டுங்க சார். போன தடவை ஒரே ஒரு ஹெல்ப்பரை மெமோ இல்லாம நிறுத்தினதுக்கு ஆடிட் பண்ண வந்த மேடம் சிவப்பு மையில எழுதி, ஆர்டரை ரெண்டு மாசம் நிறுத்தி வெச்சாங்க. இங்க பத்தாயிரம் பேர் பார்த்துட்டு இருக்காங்க."

பத்தாயிரம் என்று அந்தப் பெண்தான் சொன்னது. நான் சொல்லவில்லை.

முதலாளி கோழிப்பண்ணையைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், மாமனாரைப் பார்த்தார். நான் ஊர் பேர் தெரியாத நாட்டுக்கெல்லாம் சரக்கு அனுப்பியவன், ஆனால் இப்படி ஒரு கூத்தைப் பார்த்ததில்லை. பிரசிடெண்ட், மந்திரி, ராஜா என்று யார் யாரோ ஒரு வார்த்தையில் அனுப்பிய மனிதரை, எங்கள் முதலாளியால், சொந்தக் காசில் வாங்கிய சுண்ணாம்பில் போட்ட மைதானக் கோட்டுக்குள் நின்றுகொண்டு, அனுப்ப முடியவில்லை.

"செரி! அப்ப மொத மெமோவைக் குடு! இப்பவே!"

அனுப்ரியாவிடம் ஃபாரம் தயாராக இருந்தது. அந்தப் பெண் கல்யாணத்துக்குப் போனாலும் ஃபாரத்தோடுதான் போகும். குற்றம் என்ற இடத்தில் முதலாளி சொல்லச் சொல்ல எழுதியது: "கோல் எதுவும் அடிக்காமல் காலம் கடத்தியமை."

பாய் அதை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மூன்றாவது தடவையும் படித்தார்.

"ஏனுங்க, இது உண்மைதானுங்களே" என்றார். "நான் காலம்தான் கடத்தினேன்."

பெற்றுக்கொண்டேன் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "ஆறு மணி வரைக்கும் என்னை யாரும் ஒண்ணும் பண்ண முடியாதுங்களா கண்ணு?" என்று கேட்டார்.

"முடியாதுங்க ஐயா. தோத்தாலும் முடியாது."

அந்த வார்த்தை பாய்க்குள் எங்கேயோ போய் விழுந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பையைத் திறந்தார், தொப்பியை எடுத்தார், விசிலை மாட்டினார். அறுபத்திரண்டு வயசு ஆள் இருபத்து நாலு வயசு நடையில் டீமிடம் போனார். பழனிமுத்துவின் தோளைப் பிடித்தார்.

"பழனி, இன்னிக்கு செக்கிங் கிடையாது."

பழனிமுத்து அதிர்ந்து போனார். "சார்!"

"பந்து எப்படி வந்தாலும் சரி, அடிச்சு உடு."

"கொறையோட எப்படி சார் அனுப்புதது?"

"செகண்ட்ஸா போகட்டும். காதர்பேட்டையில எங்கத்தா அதை வித்துத்தான் என்னை வளத்தாரு. செகண்ட்ஸுக்கும் ஆள் இருக்குது தம்பி." பிறகு எல்லோரையும் பார்த்து ஹிந்தியில், "எல்லாரும் முன்னால! எல்லாரும்!" என்றார். அயர்ன் மாஸ்டர் தன் நெஞ்சைத் தொட்டு, நானுமா என்று கேட்டார். பாய் ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் வேண்டாம் என்றார். யோசித்ததே தப்பு என்று எனக்குப் பட்டது.

அதற்கப்புறம் நடந்ததை நான் குறைத்தே சொல்கிறேன், ஏனென்றால் நம்பமாட்டீர்கள். பத்துப் பேர் முன்னால் ஓடினார்கள். தூங்கியவர்கள் எழுந்தார்கள். பழனிமுத்து கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரு கோணல் பந்தை அடித்தார். அது தறிக்காரர் ஒருவர் முதுகில் பட்டு, கம்பத்தில் பட்டு, போவதா வேண்டாமா என்று கொஞ்சம் யோசித்து, உள்ளே போயிற்று. பச்சைச் செகண்ட்ஸ்! ஆனால் கோல். கோழிப்பண்ணையில் அத்தனை கோழியும் ஒரே நேரத்தில் கத்தியது. அடுத்த நிமிஷமே தறிக்காரர்கள் ஒன்று போட்டார்கள், ஏனென்றால் எங்கள் பக்கம் கீப்பரைத் தவிர தடுக்க ஆளே இல்லை. நாங்கள் ஒன்று, அவர்கள் ஒன்று. தங்கராஜ் முதலாளி ஒரு கோலுக்குத் தன்னை மறந்து தனபாலைக் கட்டிப்பிடித்துவிட்டார், அடுத்த கோலுக்குத் தனபால் இவரை. மாமனார் தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றினார். ஷாஹிதா நாற்காலிமேல் ஏறி நின்று, குடோனில் லாரிக்காரரை அழைக்கிற குரலில், "முன்னால போங்க! முன்னால!" என்று கத்தினார். அதைக் கேட்டு எதிர் டீமும் முன்னால் ஓடியது.

நாலுக்கு மூன்று. நாங்கள் ஒன்று குறைவு. கடைசி நிமிஷம். பந்து தோள், கழுத்து, கை, மடிப்பு என்று தாண்டி வந்து பழனிமுத்து காலில் நின்றது. எதிரில் யாருமில்லை. வெறும் கோல். மைதானமே மூச்சைப் பிடித்தது.

பழனிமுத்து குனிந்தார்.

பந்தைப் பார்த்தார். விரலால் ஒரு இடத்தைத் தொட்டார். "ஆல்ட..." என்று ஆரம்பித்தார். விசில் ஊதிவிட்டது.

"ஒரு தையல் விட்டிருக்கு சார்" என்று பந்தைத் தூக்கிக்கொண்டு அழாத குறையாக ஓடி வந்தார். ரெஃப்ரி வாங்கிப் பார்த்தார். நானும் பார்த்தேன். உண்மையிலேயே விட்டிருந்தது, அரை அங்குலம்.

பாய் அப்போது சிரித்தாரே ஒரு சிரிப்பு. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் நாற்காலி உடைந்தபோது சிரித்தது, அதற்கப்புறம் அன்றைக்குத்தான். எதிர் டீம் கோப்பையைத் தூக்கியது. எங்கள் டீம் பாயைத் தூக்கியது. கோப்பையைவிடப் பாய் கனம்.

கூட்டம் கலைந்தது. பாய் மட்டும் போகவில்லை. பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு, வாட்சைப் பார்த்துக்கொண்டு மைதானத்தின் நடுவில் உட்கார்ந்தார். நானும் ஷாஹிதாவும் டெம்போ பக்கம் நின்றோம். பந்தல்காரர்கள் மற்ற நாற்காலிகளையெல்லாம் ஏற்றிவிட்டு இந்த ஒன்றுக்காகக் காத்திருந்தார்கள். ஆறு மணிக்கு எழுந்தார். சுற்றும் முற்றும் பார்த்தார். மைதானத்துக்கு ஏது கதவு? நேராக நடந்து கோழிப்பண்ணைப் பக்கம் போய், திறந்து கிடந்த தகரக் கேட்டைச் சாத்திக் கொக்கி போட்டுவிட்டு, தானாக நடந்து வெளியே வந்தார்.

டெம்போவில் ஷாஹிதா அவர் சட்டையில் ஒட்டியிருந்த கோழி இறகை எடுத்து ஜன்னலுக்கு வெளியே விட்டார்.

திங்கட்கிழமை காலையில் அனுப்ரியா பணிச் சான்றிதழ் கொடுத்தது. ஒப்பந்தக் காலம் முழுவதும் பணிபுரிந்தார், நடத்தை திருப்திகரம். பாய் அதை வீட்டுக்குக் கொண்டு வந்து நீட்டினார். ஷாஹிதா வாசித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "நடத்தை திருப்தின்னு போட்டிருக்காங்கண்ணா. அனுப்ரியா பொண்ணு தொண்ணூறு நாள்தான பார்த்துச்சு."

சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பெட்டியைக் கட்டில்மேல் கவிழ்த்தார். சட்டை, ஜெர்சி, கம்பளிக் கோட்டு, எல்லாம் கொட்டின. காலிப் பெட்டியைக் கொண்டு வந்து என் கையில் கொடுத்தார். "இதை உங்க ஊட்டுல வெச்சுக்குங்க. இவரு கேட்டாக் குடுக்காதீங்க."

சாயந்திரமே தங்கராஜ் முதலாளி காரில் வந்து இறங்கினார். கையில் புதுக் கான்ட்ராக்ட். இரண்டு வருஷம்.

"தோத்தோமே முதலாளி?" என்றேன்.

"தோத்தோமுங்க. நாலு கோல் வாங்கினதுக்கு ரெண்டாவது மெமோ குடுக்கலாம்னு பார்த்தா, கான்ட்ராக்ட் முடிஞ்சு போச்சு, குடுக்க முடியாதுங்குது அந்தப் பொண்ணு. அதெப்படி உடறது? இன்னும் ரெண்டு மெமோ பாக்கி இருக்குதுங்க. குடுக்காம அனுப்ப மாட்டேன்." சொல்லிவிட்டுத் தொண்டையைச் செருமினார். "எங்க மாமனாரும் கேட்டாருங்க, அடுத்த மேட்ச் எப்பன்னு."

பாய் இந்தத் தடவை கடைசித் தேதியைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்.

போன வாரம் ஒரு தீவிலிருந்து போன் வந்தது. மீடியம் சைஸ் மட்டும் கேட்கிற தீவு, எனக்கு நன்றாகத் தெரியும். பாய் அவர்கள் பாஷையில் நெடுநேரம் பேசினார். போனைக் கையால் பொத்திக்கொண்டு, சுவருக்கு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"கிட்டு, அந்தப் பொட்டி சும்மாதான் இருக்குதா?"

"இல்லீங்க பாய். எங்கூட்டுக்காரி சின்ன வெங்காயம் போட்டு வெச்சிருக்கா."

"எவ்வளவு நாளைக்கு வரும்?"

"பொங்கலூர் வெங்காயமுங்க. ஆடி வரைக்கும் வரும். தீர்ந்தா மறுக்காவும் போடுவா."

பாய் போனைக் காதில் வைத்தார். என்ன சொன்னாரோ, எனக்கு அந்தப் பாஷை தெரியாது. ஆனால் நடுவில் வெங்காயம் என்று மட்டும் தமிழில் சொன்னது கேட்டது.